பட்டாளத்துக் கை

மாணிக்கராஜின் வலது கையில் உணர்ச்சி இல்லை என்பது முதலில் அவன் மனைவி பாக்கியவதிக்குத்தான் தெரிந்தது. பட்டாளத்திலிருந்து அவன் ஊர் திரும்பிய மறுநாள் காலை, கஞ்சிக் கலயத்தை அவன் கையில் கொடுத்தாள். வாங்கிக்கொண்டான். தெருவிலிருந்து யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். "இதோ வர்றேன்" என்று தலையைத் திருப்பினான். அவனுடைய விரல்கள் ஒவ்வொன்றாக விரிந்ததை அவள் பார்த்தாள். அவனுக்கு அது தெரியவில்லை. கலயம் விழுந்து உடைந்த சத்தம் கேட்ட பிறகுதான் குனிந்து பார்த்தான்.

"இன்னா ஆச்சு?" என்றாள்.

அவன் ஓடுகளைப் பொறுக்கினான். அவள் பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் கையை இழுத்து மடியில் வைத்து, சுண்டுவிரல் பக்கத்துச் சதையை நகம் பதியக் கிள்ளினாள். அவன் முகம் மாறவில்லை.

"எப்பத்திலேருந்து இப்படி?"

"எல்லையில. குளிர்ல."

"வலிக்கலியா?"

"வலிச்சா நல்லாருக்கும்" என்றான். பிறகு அவனே சொன்னான்: "கண்ணால பாத்துக்கினே இருந்தா புடிச்சிக்கினு இருக்கும், பாக்கியம். கண்ணை எடுத்தா வுட்டுடும்."

அவள் மிச்ச ஓடுகளை முறத்தில் வாரினாள். 

பேரணாம்பட்டுப் பக்கம் அவன் கையைப் பற்றி ஊருக்கு ஊர் பேச்சு இருந்தது. பதினெட்டு வயதில் பெங்களூருக்குப் போய்ப் பாலம் கட்டுகிற, பாதை வெட்டுகிற சாப்பர் பட்டாளத்தில் சேர நின்றபோது, ஆள் எடுக்க நின்ற நாயக் பதவிக்காரன் அவன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது கொடிக்கால்ல வெத்தலை கிள்ளுற கை" என்று சிரித்தானாம். பட்டாளம் அந்தக் கையை மாற்றியது. காலையில் கடப்பாரை, மதியம் மண்வெட்டி, மாலையில் படகுகளைச் சேர்த்துப் பிணைக்கும் தாம்புக்கயிறு. நான்காம் வருஷம் லீவில் வந்தபோது, பாறை உடைக்கும் சம்மட்டியைக் காம்பின் நுனியில் ஒரு கையால் பிடித்து நேராக நீட்டி, உபதேசியார் பரமண்டல ஜெபத்தைச் சொல்லி முடிக்கிற வரைக்கும் இறக்காமல் நின்றான். உபதேசியார் வேண்டுமென்றே மெல்லச் சொன்னார். ஊரே வாய் பிளந்தது. பாக்கியவதியின் தகப்பன் பெண் கொடுத்ததே அந்தக் கையைப் பார்த்துத்தான்.

ஒன்பது வருஷம் கொடுத்ததைக் கடைசி வருஷத்தின் ஒரு குளிர்காலம் எடுத்துக்கொண்டது. வடமேற்கு எல்லை மலைகளில் அந்தக் கை விறைத்துப் போனது. பட்டாளத்து டாக்டர் அவன் கண்ணைக் கட்டிவிட்டு விரல் நுனிகளில் ஊசியால் குத்தினார். "இப்ப குத்தறேனா இல்லையா?" என்று கேட்டார். அவன் மூன்று தடவை தவறாகச் சொன்னான். அதோடு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

ஊரில் மழை இல்லாத வருஷம் அது. குடியாத்தத்திலிருந்தும் பேரணாம்பட்டிலிருந்தும் குடும்பம் குடும்பமாகக் கோலார் தங்கவயலுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். மாணிக்கராஜும் பாக்கியவதியும் போரிங்பேட்டையில் ரயில் மாறி வந்து இறங்கினார்கள். மலை மலையாகக் குவிந்திருந்த வெள்ளை மண்ணையும் அதன் நடுவில் சுரங்கக் குழிகளுக்கு மேல் நின்ற ஷாஃப்ட் கோபுரங்களையும் பார்த்து அவள், "இங்க மேல வேலை இருக்கும் இல்ல? கீழ இறங்க வேணாம்" என்றாள்.

"பாக்கலாம்" என்றான்.

ஆபீஸ் வாசலில் அறுபது எழுபது பேர் நின்றிருந்தார்கள். கேப்டன் என்று சொல்லப்பட்ட வெள்ளைக்காரத் துரை ஒவ்வொருவராகப் பார்த்து வந்தார். அவர் பேசியதைத் தமிழில் சொல்ல சௌந்தரராஜன் என்ற மேஸ்திரி பக்கத்திலேயே நடந்தார். மாணிக்கராஜ் பட்டாளத்துக் காகிதத்தை நீட்டினான். கேப்டன் துரை படித்தார். முகம் மலர்ந்தது. பிறகு கடைசி வரியில் அவர் கண் நின்றது.

"உடம்பு தகுதி இல்லைன்னு எழுதிக்கீதே, எதனாலன்னு கேக்கறாரு" என்றார் மேஸ்திரி.

மாணிக்கராஜுக்குப் பின்னால் அறுபது பேர் நின்றார்கள். மேல் வேலைக்கு என்று கேட்டால் அதில் நாற்பது பேர் போட்டிக்கு வருவார்கள்.

"காய்ச்சல், ஐயா" என்றான். "எல்லைக் காய்ச்சல். இப்ப சொஸ்தமாயிடுச்சி."

துரை ஆபீசுக்குள் மூலையில் கிடந்த சம்மட்டியைக் காட்டினார். மாணிக்கராஜ் அதைக் காம்பின் நுனியில் பிடித்துத் தூக்கி நேராக நீட்டினான். கண்ணைத் தன் விரல்களிலிருந்து எடுக்கவே இல்லை. சம்மட்டி ஆடாமல் நின்றது. துரை சிரித்து ஏதோ சொன்னார். "பட்டாளத்துக் கைன்னா இதான்னு சொல்றாரு. எல்லாரும் பாத்துக்குங்க" என்று மேஸ்திரி சத்தமாகச் சொன்னார்.

அன்றைக்கே அவனுக்குச் சம்மட்டி வேலை கிடைத்தது. பாக்கியவதிக்கு மேலே கல் பொறுக்கும் கொட்டகையில் இடம் கிடைத்தது. கூலிக்காரர் வீடுகள் வரிசையாக நின்ற லைனில், மூங்கில் தட்டி அடைத்த ஒரு வீடும் கொடுத்தார்கள்.

கீழே வேலை இரண்டு இரண்டு பேராக. ஒருவன் ஜம்பர் என்கிற இரும்புக் கம்பியைப் பாறையில் ஊன்றிப் பிடித்துக்கொள்வான். மற்றவன் அதன் தலையில் சம்மட்டியால் அடிப்பான். ஒவ்வொரு அடிக்கும் பிடிப்பவன் கம்பியைக் கொஞ்சம் திருப்பித் தருவான். இப்படி அடித்து அடித்து ஒரு முழத் துளை போட்டால், பிறகு வெடிமருந்து வைக்கிறவர்கள் வருவார்கள். வெளிச்சம் என்று பார்த்தால் தொப்பியில் களிமண்ணால் ஒட்டிய மெழுகுவர்த்திதான். சம்மட்டியின் பலத்துக்கு இடது கை. அது எங்கே விழ வேண்டும் என்று வழி காட்டுவது வலது கை. பிடிப்பவனுடைய கை, சம்மட்டி விழும் இடத்துக்கு ஒரு சாண் கீழே இருக்கும்.

மாணிக்கராஜுக்குக் கம்பி பிடித்தவர் ராஜப்பா. நாற்பது தாண்டியவர், அதிகம் பேசாதவர், பன்னிரண்டு வருஷமாகத் தங்கவயலில் இருக்கிறவர்.

கம்பியின் தலையைப் பார்த்து அடிக்கிறவன் தன் கையைப் பார்க்க முடியாது. முதல் நாள் கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் இறங்கும்போதே மாணிக்கராஜுக்கு அது தெரிந்துதான் இருந்தது. அதற்கு அவன் ஒரு வழி செய்திருந்தான். பட்டாளத்தில் காலில் சுற்றுகிற பட்டித் துணியில் ஒரு முழம் கிழித்து, வலது மணிக்கட்டைச் சுற்றி ரத்தம் கட்டுகிற மாதிரி இறுக்கிக் கட்டிக்கொண்டான். அப்படிக் கட்டினால் முழங்கை வரைக்கும் ஒரு வலி ஏறும். அந்த வலி இருக்கிற வரைக்கும் கை எங்கே இருக்கிறது என்று அவனுக்குப் புரிந்தது.

அது பலித்தது. ஒரு வாரம், ஒரு மாதம், மூன்று மாதம். சுரங்கத்தின் அந்த அடுக்கில், அந்த லெவலில், அவர்கள் இரண்டு பேரும் போட்ட துளைகளே ஆழமாக இருந்தன. "பட்டாளத்தார்" என்றால் இரண்டு ஷாஃப்ட் தள்ளியும் தெரிந்தது. இளவட்டங்கள் சிலர் தங்கள் மணிக்கட்டிலும் துணி சுற்றிக்கொண்டு இறங்க ஆரம்பித்தார்கள். பட்டாளத்தில் கைக்குப் பலம் ஏற்றுகிற ரகசியம் அது என்று நினைத்துக்கொண்டார்கள். மாணிக்கராஜ் அதைப் பார்த்தும் பேசாமல் இருந்தான். பேசாமல் இருந்ததில் அவனுக்குக் கொஞ்சம் சந்தோஷமும் இருந்தது.

ராஜப்பாவிடம் ஒரே ஒரு குறை. அடிக்கடி நிறுத்துவார். துளையில் சேர்ந்த கல்பொடியைத் தண்ணீர் விட்டுச் சேறாக்கி, நீளக் கரண்டியால் வழித்தெடுக்க வேண்டும். மற்றவர்கள் நூறு அடிக்கு ஒரு தரம் செய்வதை அவர் ஐம்பது அடிக்கே செய்தார். "சேறு" என்று ஒரு வார்த்தை சொல்லிக் கம்பியை உருவிவிடுவார். கரண்டியை எடுத்து மெல்ல மெல்ல வழிப்பார். அந்த நேரத்தில் மாணிக்கராஜ் சம்மட்டியைக் கீழே வைத்து, கையைத் தேய்த்து, துணியை அவிழ்த்து மறுபடி இறுக்குவான். "ஏன் ராஜப்பாண்ணா, இன்னும் அம்பது அடிச்சிருக்கலாமே" என்பான். "எனக்குத் தோள் நோவுது" என்பார் அவர்.

பாக்கியவதி மட்டும் ஒவ்வொரு நாளும் சங்கு ஊதும்போது கல்லைக் கீழே வைத்துவிட்டு ஷாஃப்ட் பக்கம் பார்ப்பாள். வீட்டுக்கு வந்ததும் துணியை அவிழ்த்து, நீலம் பாய்ந்த மணிக்கட்டில் விளக்கெண்ணெய் தடவுவாள்.

"அந்த ராஜப்பாண்ணா கிட்டயாவது சொல்லிடுங்க" என்றாள் ஒரு நாள்.

"சொன்னா நாளைக்கு என் கூட எவன் இறங்குவான்?"

"இறங்க வேணாம்னுதான் சொல்றேன்."

அவன் கையை இழுத்துக்கொண்டான்.

தை பிறந்ததும் ராஜப்பாவின் மனைவி பார்வதம்மாவுக்குப் பிரசவ நாள் நெருங்கியது. அவர் பத்து நாள் லீவு கேட்டு அவளை ஊருக்குக் கூட்டிப் போனார். போகிற அன்று மாணிக்கராஜிடம் வந்தார். ஏதோ சொல்ல வந்தவர் போல நின்றார். "பாத்து அடி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அவர் இடத்துக்கு வேலு வந்தான். இருபத்திரண்டு வயது, நாட்றாம்பள்ளிப் பக்கத்துப் பையன். தாய் வெங்கடம்மாவோடு அதே லைனில் இருந்தான். பட்டாளத்தாருக்குக் கம்பி பிடிக்கப் போகிறோம் என்பதில் அவனுக்குத் தலைகால் புரியவில்லை. அவன் மணிக்கட்டிலும் துணி சுற்றியிருந்தது.

"நடுவுல நிறுத்தறது எனக்குப் புடிக்காதுண்ணா" என்றான். "நீங்க ஒரே மூச்சா அடிங்க. நான் திருப்பிக் குடுத்துக்கினே இருப்பேன். இன்னிக்கு ரெண்டு தொளை கூடுதலாப் போட்டுக் காட்டணும்."

முதல் துளை போட்டார்கள். ஐம்பது தாண்டியபோது மாணிக்கராஜ் 'சேறு' என்ற சொல்லுக்காகக் காத்திருந்தான். அது வரவில்லை. எழுபது. எண்பது. மணிக்கட்டில் இருந்த வலி மங்கிக்கொண்டே போனது. பிறகு கை இருக்கிற இடமே தெரியவில்லை. பார்வையை ஒரு கணம் கையின் மேல் வீசிப் பார்த்தான். விரல்கள் காம்பின் மேல் சும்மா கிடந்தன. சரிசெய்துகொண்டு அடித்தான். நூற்றுப் பத்தில் வேலு தானே நிறுத்தினான். "பாத்தீங்களா" என்று சிரித்தான். சேற்றை இரண்டே வழிப்பில் வழித்தான். "ஹூம், அடிங்க."

நிறுத்து என்று சொல்ல வாய் வந்தது. பக்கத்துத் துளைக்காரர்கள் நான்கு பேர் தங்கள் வேலையை விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாணிக்கராஜ் சம்மட்டியைத் தூக்கினான்.

இரண்டாவது துளையின் பாதியில் அது நடந்தது. மேலே போன கை இறங்கும்போது வலது விரல்கள் விரிந்துவிட்டன. இடது கை மட்டும் இழுத்துக்கொண்டு வந்த சம்மட்டி, கம்பியின் தலையை உரசி வழுக்கி வேலுவின் கையில் இறங்கியது. சத்தம் பெரிதாக இல்லை. வேலு கத்தவும் இல்லை. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் கையை முகத்துக்கு நேரே கொண்டுவந்து பார்த்தான். பிறகு, "அசைஞ்சிட்டேன் போல கீது, அண்ணா" என்றான்.

அவனைக் கேஜில் ஏற்றி மேலே கொண்டு வந்தார்கள். டாக்டர் இரண்டு விரல்களை எடுத்தார். வலது கையின் நடுவிரலும் மோதிர விரலும்.

மறுநாள் காலை ஆபீசில் விசாரணை. கேப்டன் துரை மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். பார்த்துக்கொண்டிருந்த நான்கு பேரும் ஒரே மாதிரி சொன்னார்கள்: பட்டாளத்தார் கை தப்பாது, பையன்தான் கம்பியை அசைத்திருப்பான். கட்டுப் போட்ட கையோடு வந்து நின்ற வேலுவும், "ஆமாங்க, நான்தான் அசைச்சிருப்பேன்" என்றான். அவனுடைய தாய் வெங்கடம்மா வாசலில் தரையோடு தரையாக உட்கார்ந்திருந்தாள். பிடித்தவன் மேல் தப்பு என்று எழுதிவிட்டால் அவனுக்கு வேலையும் இல்லை, லைனில் வீடும் இல்லை. அது எல்லோருக்கும் தெரியும். துரை பேனாவை மையில் தோய்த்தார்.

"அவன் அசையலை" என்றான் மாணிக்கராஜ்.

சௌந்தரராஜன் மேஸ்திரி அவனைத் திரும்பிப் பார்த்தார். "இன்னா சொல்ற?"

"அவன் அசையலைங்க. என் கை வுட்டுடுச்சி. என் கையில உணர்ச்சி இல்லை. ஒரு வருஷத்துக்கு மேலா இல்லை. வேலைக்குச் சேரும்போது துரை கிட்ட நான் பொய் சொன்னேன்."

மேஸ்திரி அதைத் துரையிடம் சொல்லவில்லை. "நல்லா யோசனை பண்ணிக்கினு பேசுய்யா" என்று மெல்லச் சொன்னார்.

"நீங்க சொல்லுங்க."

மேஸ்திரி சொன்னார். துரை நம்பவில்லை. அவர் கண்ணாலேயே அந்தக் கையைப் பார்த்தவர். மாணிக்கராஜ் மூலைக்குப் போய்ச் சம்மட்டியை எடுத்தான். காம்பின் நுனியைப் பிடித்து நேராக நீட்டினான். அன்றைக்கு நின்ற மாதிரியே ஆடாமல் நின்றது.

"இப்ப பாருங்க" என்று கண்ணை மூடினான்.

அறையில் இருந்தவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். சுண்டுவிரல் முதலில் விரிந்தது. பிறகு அடுத்தது. நான்கு என்று எண்ணுவதற்குள் சம்மட்டி பலகைத் தரையில் இடி விழுந்த மாதிரி விழுந்தது. மாணிக்கராஜ் கண்ணை மூடியபடியே நின்றான். நீட்டிய கை அப்படியே இருந்தது, வெறுமையாக.

துரை தரையில் கிடந்த சம்மட்டியைப் பார்த்தார். பிறகு நாலு வார்த்தை பேசினார். "பிடிச்சவன் மேல தப்பு இல்லைன்னு எழுதிக்கறாரு" என்றார் மேஸ்திரி. "வேலுவுக்கு மெழுகுவர்த்தி குடுக்கற ஸ்டோர்ல வேலை. உனக்கு இனி கீழ இறங்க அனுமதி இல்லை." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "வேற ஒண்ணும் சொன்னாரு. அதை நான் சொல்ல வேணாம்" என்றார்.

வெளியே வந்தபோது வெங்கடம்மா எழுந்து நின்றாள். அவள் கையை ஓங்குவாள் என்று அவன் நினைத்தான். அவள் அவனுடைய வலது கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இதை வச்சிக்கினா என் புள்ளையைக் கூட இட்டுக்கினு போன?" என்றாள். கையை உதறிவிட்டுப் போய்விட்டாள்.

பாக்கியவதிக்குக் கல் கொட்டகையில் வேலை இருந்ததால் வீடு தங்கியது. மாணிக்கராஜ் மரக்கட்டை அடுக்கும் இடத்தில் கூலிக்குப் போனான். தோளில் கயிறு மாட்டிக் கட்டைகளை இழுக்கிற வேலை. அதற்குக் கை வேண்டியதில்லை. லைனில் யாரும் அவனோடு பேசவில்லை. இளவட்டங்களின் மணிக்கட்டில் இருந்த துணிகள் ஒன்றையும் காணோம்.

ராஜப்பா பத்தாம் நாள் திரும்பினார். பெண் குழந்தை என்று மற்றவர்களிடம் சொல்லிக்கொண்டு வந்தவர், சேதி கேட்டதும் நேராக மாணிக்கராஜ் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை.

"எனக்குத் தெரியும்டா" என்றார்.

"இன்னா தெரியும்?"

"உன் கை. மூணாம் நாளே தெரியும். கம்பியைப் புடிக்கிறவனுக்கு அடிக்கிறவன் கை தெரியாதா? அம்பதுக்கு மேல போனா உன் அடி ஒரு பக்கமா சாயும். அது என் உள்ளங்கையில வந்து சொல்லும். எனக்கு இன்னா தோள் நோவு? உனக்காகத்தான் சேறு எடுத்தேன்."

மாணிக்கராஜ் எழுந்து நின்றான். "ஏண்ணா என்கிட்ட சொல்லலை?" என்றான்.

"நீ ஏன் என்கிட்ட சொல்லலை?" என்றார் ராஜப்பா. "பட்டாளத்தாருன்னு ஊரே சொல்லுது, அதைக் கெடுக்கக் கூடாதுன்னு பாத்தேன். போறப்போ அந்தப் பையன் கிட்ட, அம்பதுக்கு ஒரு தரம் நிறுத்துடான்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருக்கணும். வாய் வரைக்கும் வந்துச்சி. உன் மானம் போயிடுமேன்னு முழுங்கிட்டேன். அவன் வெரலு போச்சு."

பாக்கியவதி உள்ளே நின்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவளுக்கும் தெரியும். அவளும் சொல்லவில்லை.

மறுநாள் வேலை முடிந்ததும் மாணிக்கராஜ் ஒரு காவடிக் கழியில் இரண்டு தகர டின்களை மாட்டிக்கொண்டு தண்ணீர்க் குழாய்க்குப் போனான். லைனுக்கெல்லாம் ஒரே குழாய். வரிசையில் ஒரு மணி நேரம் நிற்க வேண்டும். அடிபடுகிற வரைக்கும் வேலுதான் தன் வீட்டுக்குத் தண்ணீர் தூக்கிக்கொண்டிருந்தான். மாணிக்கராஜ் டின்களை நிரப்பி, கழியைத் தோளில் வைத்துக் கொண்டுபோய் வெங்கடம்மாவின் வாசலில் இறக்கினான். அவள் வெளியே வந்து இரண்டு டின்னையும் காலால் தள்ளிக் கவிழ்த்தாள். புழுதியில் ஓடிய தண்ணீரைத் தெருவே பார்த்தது. அவன் காலி டின்களை எடுத்துக்கொண்டு வந்துவிட்டான்.

அடுத்த நாளும் கொண்டுபோனான். அவள் கவிழ்த்தாள். மூன்றாம் நாளும் அதேதான். நான்காம் நாள் குழாயில் காலையிலிருந்தே தண்ணீர் வரவில்லை. அவன் மரக்கட்டை அடுக்கும் இடத்துத் தொட்டியில் கேட்டு வாங்கி, ஒரு மைல் நடந்து கொண்டுவந்து வைத்தான். அவள் வெளியே வந்து பார்த்தாள். டின்னைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். டின்களைத் தூக்கி உள்ளே கொண்டுபோனாள்.

அதற்குப் பிறகு தினமும் கொண்டுபோனான்.  அவன் வைப்பான், அவள் எடுப்பாள்.

மாசி கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயிலிலிருந்து திரும்பி வந்து தண்ணீர் கொண்டுபோனபோது வேலு வாசலில் கல் மேல் உட்கார்ந்திருந்தான். கட்டு அவிழ்ந்துவிட்டது. மிச்சமிருந்த விரல்களை மடக்கி நீட்டிப் பழகிக்கொண்டிருந்தான். மாணிக்கராஜ் டின்களை இறக்கிவிட்டுத் திரும்பினான்.

"நில்லு" என்றான் வேலு. அண்ணா என்று சொல்லவில்லை. "உன் கை எப்படிப் போச்சு?"

"குளிர்ல."

"அதான் எல்லாருக்கும் சொல்லிட்டியே. எப்படிப் போச்சுன்னு கேக்கறேன்."

மாணிக்கராஜ் எதிரில் இருந்த வேலியோரம் குந்தினான். பட்டாளத்து டாக்டரிடமும் பாக்கியவதியிடமும்கூட அவன் இதைச் சொன்னதில்லை. 

"மலையிலேருந்து பட்டாளம் எறங்கி வந்துக்கினு இருந்துச்சி" என்றான். "ஒரு ஆறு. பனி கரைஞ்சு வர்ற தண்ணி. அதையே இருபது எடத்துல தாண்டணும். காயம் பட்டவங்களை டோலியில தூக்கிக்கினு வருவாங்க. தூக்கறவங்க புடிச்சிக்க, நாங்க கரைக்குக் கரை தாம்புக்கயிறு கட்டுவோம். ஒரு எடத்துல முளைக்கட்டை புடுங்கிக்கிச்சி. நான் பக்கத்துல இருந்தேன். கயித்தை ஒரு பாறையில சுத்தி, மிச்சத்தைப் புடிச்சிக்கினேன். இதோ வந்துடறேன்னு முளை எடுக்கப் போனவன் குண்டு பட்டு வுழுந்துட்டான்."

"அப்புறம்?"

"புடிச்சிக்கினு இருந்தேன். இடுப்பு வரைக்கும் தண்ணி. இடது கை பாறைக்கு அந்தப் பக்கம், கொஞ்சம் காஞ்ச எடத்துல இருந்துச்சி. வலது கைதான் தண்ணியில. உச்சி வெயில்ல புடிச்சது, பொழுது சாயற வரைக்கும் டோலி வந்துக்கினே இருந்துச்சி. முதல்ல எரிஞ்சது. அப்புறம் வலிச்சது. அப்புறம் ஒண்ணும் இல்லை. கடைசி டோலி தாண்டினப்புறம் ரெண்டு பேரு வந்து என் வெரலை ஒண்ணொண்ணா நிமித்தித்தான் கயித்தை எடுத்தாங்க."

வேலு தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"வுட்டிருந்தா?"

"டோலி தண்ணியோட போயிருக்கும்."

"எத்தினி பேரு போனாங்க அந்தக் கயித்துல?"

"எண்ணலை. பாதிப் பேரு மூஞ்சியைக்கூடப் பாக்கலை."

உள்ளே வெங்கடம்மா அடுப்பில் ஏதோ கிளறுகிற சத்தம் நின்றிருந்தது. அவளும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

"அன்னிக்கு உனக்கு நிறுத்தணும்னு தோணிச்சா?" என்றான் வேலு. "என் கூட அடிக்கும்போது. கயித்தைக் கேக்கலை."

மாணிக்கராஜ் தலையைக் குனிந்துகொண்டான். "தோணிச்சு. முதல் தொளையிலயே தோணிச்சு."

"ஏன் சொல்லலை?"

"நாலு பேரு பாத்துக்கினு இருந்தாங்க."

வேலு தலையை மெல்ல ஆட்டினான். கோபமாகச் சொல்லவில்லை. "நானும் அந்த நாலு பேருக்காகத்தான் நிறுத்தாம புடிச்சேன்" என்றான்.

மதிய ஷிஃப்டுக்குச் சங்கு ஊதியது. இறங்குகிறவர்கள் மெழுகுவர்த்திக்கு ஸ்டோர் வாசலில் வந்து நிற்பார்கள். வேலு எழுந்தான். இடது கையால் சட்டைப் பொத்தானைப் போட இரண்டு தரம் முயன்று, மூன்றாவதில் போட்டான். மாணிக்கராஜ் உதவப் போகவில்லை. போனால் அவன் விடமாட்டான் என்று தெரிந்தது.

"அம்மா" என்று உள்ளே பார்த்துக் கூப்பிட்டான் வேலு. "டின்னைக் காலி பண்ணிக் குடு. இன்னொரு நடை போயிட்டு வரட்டும். சாயங்காலம் குழாய் நிறுத்திடுவான்."

வெங்கடம்மா டின்களைக் கொண்டுவந்து வைத்தாள். வேலு ஸ்டோர் பக்கம் நடந்தான். மாணிக்கராஜ் கழியைத் தோளில் ஏற்றிக்கொண்டு குழாயை நோக்கிப் போனான்.